பெயிண்டிங் வேலை நடக்குது

போனை வச்சதுக்கு அப்புறமும் மாசிலாமணிக்குக் காதுல அந்தக் காத்துச் சத்தம் நிக்கவே இல்ல. புஸ்ஸு, அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி புஸ்ஸு. சைக்கிள் ட்யூப்ல ஊசி போற அளவு ஓட்டை விழுந்தா வருமே, அந்த மாதிரி. மத்தியானம் ரெண்டேகால் மணி, சோபா, ஏசி, சாப்பிட்ட கை இன்னும் மீன்குழம்பு வாசம் போகாம இருக்கு, இதுக்கு நடுவுல பழைய கூட்டாளி செல்லத்துரையோட மூச்சு. செல்லத்துரைக்குத் தொண்டையில கட்டி வந்து, ஆறு வாரம் முன்னாடி திருநெல்வேலியில ஆபரேஷன் பண்ணி, குரல் வார எடத்தையே எடுத்துட்டாங்க. இப்போ கழுத்துல ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. பேச்சு இனி கிடையாது. இது மாசிலாமணிக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும், அவன் மக ஜெபா போன்ல எல்லா விஷயத்தையும் சொல்லி முடிச்சு, “அப்பாகிட்டயே சொல்லிருங்க பெரியப்பா, பக்கத்துல நிக்காங்க”ன்னு போனை அவன் காதுல வச்சதும், இவரு வாயில வந்த மொத வார்த்தை, “சொல்லுல.” நாப்பது வருஷமா போன் எடுத்தா சொல்ற வார்த்தை. அவன் எங்க சொல்றது. புஸ்ஸுன்னுச்சு. அந்தக் கூச்சத்தை மூடுறதுக்காகவே இவரு மடமடன்னு பேச ஆரம்பிச்சாரு. “ஏல செல்லத்துரை, நீ வாரது எனக்கு சந்தோஷம்தாம்ல, ஆனா இங்க பெயிண்டிங் வேலை நடக்குது. வீடு முழுக்க நெடி. உனக்கு இருக்கிற நெலமையில அது ஆகாதுல்லா.” அந்தப் பக்கம் புஸ்ஸு. இவரு பேச்சுலயே ஒரு சாரம் கட்டினாரு, ரெண்டு பெயிண்டரை ஏத்திவிட்டாரு, ஒரு சுவத்துக்கு பட்டி கூடப் பாத்தாரு. கேக்கிறவன் குறுக்க ஒரு கேள்வி கேட்டா பொய் ஒரு எடத்துல நின்னுடும். இவன் கேக்கலை. அதனால அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே போச்சு.

ஜெபா கேட்டது பெரிசா ஒண்ணும் இல்ல. சென்னையில அவனுக்கு முப்பது நாள் கரண்டு வைக்கணுமாம், திங்கக்கிழமை தொடங்குதாம். கரண்டுன்னதும் எலக்ட்ரீஷியன் புத்தி ஒரு நிமிஷம் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸான்னு யோசிச்சுது, அப்புறம்தான் அது கட்டிக்கு வைக்கிற கரண்டுன்னு வெளங்குச்சு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல நோயாளிங்க தங்க ஒரு ஹால் இருக்காம், பாய் குடுப்பாங்களாம். ஆனா கழுத்து ஓட்டையில சளி அடைச்சா உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன மிஷின் வச்சிருக்காங்க, அதைச் செருக அங்க பிளக் பாயிண்ட் கிடையாது. “ஒரு கட்டில் போட எடமும் ஒரு பிளக் பாயிண்டும் போதும் பெரியப்பா. சாப்பாடு நான் குழாய்ல ஊத்திருவேன், யாருக்கும் சிரமம் இல்ல.” நாலு மணிக்குள்ள சொல்லணும், இல்லன்னா அந்த ஹால்ல பேரு குடுக்கணும், அதுக்கும் வரிசையாம். “பெரியம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு நாலு மணிக்கு முடிவாச் சொல்றேன்”ன்னு இவரு வச்சிட்டாரு. பொய்யைச் சொல்லியாச்சு, அப்புறம் எதுக்கு நாலு மணி? அதுதான் அவருக்கே புரியலை. ஒரு பிளக் பாயிண்ட். இந்த வீட்டுல மொத்தம் முப்பத்தோரு பாயிண்ட். வயரிங் இவரே நின்னு இழுத்தது. கடைசி ரூம்ல மட்டும் நாலு. நாலுலயும் நாலு சாமான் செருகியிருக்கு. கால் பிடிச்சு விடுற நாற்காலி, டிரெட்மில், ரெண்டாவது ஃபிரிட்ஜு, காத்தைச் சுத்தம் பண்ற கோபுரம் மாதிரி ஒண்ணு. அது போக பிரிக்காத அட்டைப்பெட்டி பதினஞ்சோ பதினாறோ. எல்லாம் கர்த்தர் தந்தது. அவங்க சபையில யாரும் எதையும் வாங்குறது இல்ல, கர்த்தர்தான் தருவாரு. கூரியர்காரன் வந்து ஓடிபி கேப்பான். ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல எந்திரிச்சு, “ஆண்டவர் எங்களுக்கு ஒரு டிரெட்மில்லைக் கொடுத்து ஆசீர்வதிச்சாரு”ன்னு இவரே சொல்லியிருக்காரு. சபையே ஸ்தோத்திரம்னுச்சு. அந்த ஆசீர்வாதத்து மேல இப்போ ரெண்டு வருஷமா துண்டு காயுது. ஆமா, டிரெட்மில்லைத் தந்தது அவருன்னா அந்த ரூமைத் தந்தது யாரு? இந்த எடத்துல நெனைப்பு நின்னுடுச்சு. நின்னு, திரும்பி, மறுபடி அந்த மூச்சுக்கே போச்சு.

ஹால் சுவத்துல முன்னாடி ஒரு பலகை தொங்குச்சு. ஊருல நெறைய வேதக்கார வீடுகள்ல பாக்கலாம். இந்த வீட்டுக்குத் தலைவர் கிறிஸ்து, சாப்பிடுற வேளையில கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி அவரு, பேசுற பேச்சையெல்லாம் சத்தங்காட்டாம கேக்கிறவரு அவருன்னு எழுதியிருக்கும். வீட்டை அழகு பண்ண வந்த பையன், சுவத்துக் கலருக்கு அது ஒத்து வரலைன்னு சொன்னான். மாசிலாமணி மனைவி கிருபாவதி கழட்டி, தொடைச்சு, பழைய பெட்ஷீட்ல சுத்தி, அந்தக் கடைசி ரூம்லதான் வச்சா. பயபக்தியாத்தான் வச்சா. இப்போ அந்த ஆணிக்கு நேர் கீழ அலமாரியில ஒரு உருண்டைப் பொட்டி உக்காந்திருக்கு. வெளிநாட்டுல இருக்கிற மகன் அனுப்பினது. கூப்பிட்டா நீல வளையம் எரியும், பாட்டுப் போடும், மழை வருமான்னு சொல்லும், பருப்பு தீந்துபோச்சுன்னு சொன்னா வரவழைக்கும். கூப்பிடாத நேரமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்குமாம். மகன் சொன்னான். “அது சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும்ப்பா, பேசாது. பயப்படாதீங்க.” அன்னைக்கு இவரு அதை ஒரு தமாஷா எடுத்துக்கிட்டாரு. தலைவர் மாறலை, விருந்தாளி மாறலை, கேக்கிற வேலைக்கு மட்டும் புது ஆளு போட்டாச்சுன்னு கிருபாவதிகிட்ட சொல்லிச் சிரிச்சாரு. அவ சிரிக்கலை. அப்படியெல்லாம் பேசாதீங்கன்னா. இப்போ சிரிப்பு வரலை. ரெண்டேகாலுக்கு இவரு பெயிண்டிங்னு சொன்னப்போ அந்த வளையம் எரிஞ்சுதா? எரிஞ்ச மாதிரி ஒரு ஞாபகம். கூப்பிடாம எதுக்கு எரியணும். எந்திரிச்சுப் போயி அதைப் பாத்தாரு. கறுப்பா, மொட்டைத் தலை மாதிரி, மேல கொஞ்சம் தூசியோட இருந்துச்சு. “என்ன?”ன்னாரு. வளையம் எரிஞ்சுது. “மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை”ன்னுச்சு. இவருக்கும்தான் புரியலை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க.

கிருபாவதி கோயில்ல பெண்கள் ஐக்கிய சங்கத்து ஜெபக்கூட்டத்துல இருந்தா. போன் போட்டாரு. வெளிய வந்து குசுகுசுன்னு பேசினா. “முப்பது நாளாங்க? ஐயோ பாவம். பேரு செல்லத்துரைதானே, ஊரு சாயர்புரம். இருங்க, இப்பவே ஜெபக்குறிப்புல சேத்துருதேன்.” “சரி சேரு. ரூம் கேக்காங்க.” “அந்த ரூம்ல எங்கங்க எடம் இருக்கு? எடுத்தா எங்க வைக்கிறது? ஹால்லயா?” “அதான் பெயிண்டிங் வேலை நடக்குதுன்னு சொல்லிட்டேன்.” “பெயிண்டிங்கா? எந்த வீட்ல?” “நம்ம வீட்லதான்.” “நான் அப்படிச் சொல்லச் சொன்னேனா? எடமில்லைன்னு நெசத்தைச் சொல்லிருக்கலாம்லா. நாளைக்கு அந்தப் பொண்ணு என் மூஞ்சியில முழிச்சா, பெயிண்டு என்ன கலருன்னு நான் என்னத்தச் சொல்ல?” “கிருபா...” “முடிவு பண்றவுக நீங்க. உங்க சேக்காளி. என்னைய இதுல இழுக்காதீங்க, உள்ள ஜெபம் நடக்குது.” வச்சிட்டா. நெசத்தைச் சொல்லிருக்கலாமாம். எது நெசம், எடமில்லைங்கிறதா? எடம் இருக்கு. பத்துக்குப் பன்னெண்டு. அந்தக் காலத்துல அம்பத்தூர்ல இவரும் செல்லத்துரையும் வாடகைக்கு இருந்த ரூம் எட்டுக்குப் பத்து, அதுல அஞ்சு பேரு. ஆறாவது ஒருத்தன் வந்தப்போ எல்லாரும் ஒருச்சாச்சுப் படுத்தாங்க. ஒருத்தன் திரும்புனா அஞ்சு பேரும் திரும்பணும், செல்லத்துரைதான் கமாண்டு குடுப்பான், “அபவுட் டர்ன்”ன்னு. எடம் பத்தலைங்கிற பேச்சே அப்போ வரலை. எடம்னு ஒண்ணு இருந்தாத்தானே அது பத்தாமப் போகும்.

மூணு மணி ஆகலை, போன்ல ஒரு விளம்பரம் மின்னுச்சு. கழுவினாப் போற பெயிண்டு, குழந்தை கிறுக்கினாலும் பயமில்லை. தள்ளிவிட்டாரு. அடுத்தது, நெடியே இல்லாத பெயிண்டு, நோயாளிங்க இருக்கிற வீட்டுக்கு ஏத்தது. கை நின்னுடுச்சு. நோயாளின்னு இதுக்கு யார் சொன்னா. போனைக் கவுத்து வச்சாரு. கவுத்து வச்ச போன் அடிச்சுது. ஒரு பொண்ணு, நல்ல இனிப்பான குரல். “சார், வணக்கம். உங்க வீட்ல பெயிண்டிங் ஒர்க் இருக்குன்னு வந்திருக்கு சார்.” “யாரும்மா சொன்னது?” “சிஸ்டத்துல வந்திருக்கு சார். எத்தனை ரூம் சார்?” இல்ல, தப்பா வந்திருக்குன்னு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானே. மாசிலாமணி சொன்னாரு, “ஒண்ணு.” ஏன் சொன்னாருன்னு கேட்டா கேட்ட கேள்விக்கு வாய் பதில் சொல்லிடுச்சு, அவ்வளவுதான். “நாளைக்கு சனிக்கிழமை காலையிலேயே ஆள் வந்துருவாங்க சார். நீங்க சாமானைக் கூட நகத்த வேண்டாம், அவங்களே மூடி அடிச்சுருவாங்க. ஆமான்னு மட்டும் சொல்லுங்க, கன்ஃபார்ம் பண்ணிடுறேன்.” அப்போதான் அது அவருக்கு உறைச்சுது. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்குக் காலையில பெயிண்டிங் வேலை நெசமாவே நடக்கும். சொன்னது பொய்யே இல்லைன்னு ஆயிரும். ஒரு நாள் முந்திச் சொன்ன நெசம், அவ்வளவுதான். ஜெபா வந்து பாத்தாலும் நெடி இருக்கும். கர்த்தரே வந்து பாத்தாலும் சாரம் இருக்கும். எது வேணும்னாலும் வரவழைக்கலாம்னு தெரியும், பருப்பு வரும், நாற்காலி வரும். ஒரு பொய்க்கு வேண்டிய நெசமும் வீடு தேடி வரும்னு இவருக்கு இன்னைக்குத்தான் தெரியுது. இவரு சொன்னதை ஒருத்தரும் நம்பலை. கிருபாவதி நம்பலை, இவரே நம்பலை. சிஸ்டம் நம்பிடுச்சு. “சார்? லைன்ல இருக்கீங்களா?” “நாலு மணிக்குக் கூப்பிடும்மா”ன்னாரு. ஏன் அதுக்கும் நாலு மணி? சாத்தானா இருந்தா இன்னும் கொஞ்சம் முரட்டுக் குரலா இருந்திருக்கும், இது பாவம் எங்கயோ சம்பளத்துக்குப் பேசுற புள்ள, அப்படின்னு சொல்லிக்கிட்டாரு.

சும்மா ஒரு கட்டில் போட எடம் இருக்கான்னு அளந்து பாப்போமேன்னு கடைசி ரூம் கதவைத் தொறந்தாரு. பாதிதான் தொறந்துச்சு, பின்னாடி அட்டைப்பெட்டி. ஒருச்சாச்சு நுழைஞ்சாரு. திரை போட்டிருந்ததால உள்ள சாயங்காலம் மாதிரி இருட்டு, அந்த இருட்டுல நாலு சாமானோட நாலு செவப்பு வெளிச்சம், தரையிலயும் சுவத்துலயுமா, முழிச்சுக்கிட்டு. நடுவுல பெட்ஷீட் போத்தி ஒரு ஆளு உக்காந்திருந்தான். தலை, தோளு, மடியில வச்ச கையி. நாற்காலிதான். நாற்காலின்னு தெரிஞ்சும் இவரு, தப்பான வீட்டுக்கு வந்துட்டவரு மாதிரி, ஒரு எட்டுப் பின்னாடி வச்சாரு. அட்டைப் பொடி வாசம், புது பிளாஸ்டிக் வாசம். இங்க யாரும் இருந்ததே இல்லங்கிற வாசம். ஆனா யாரோ இருக்காங்க. ஃபிரிட்ஜு உறுமி நின்னுச்சு, நின்ன பிறகு கேட்ட அமைதியில சாமானெல்லாம் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இவரு என்ன செய்யப் போறாருன்னு பாக்கிற மாதிரி ஒரு இது. இதுல எந்தச் சாமானையாவது இவரு ஆசைப்பட்டு வாங்கினாரா? ஞாபகமே வரலை. கால் வலிக்குதுன்னு ஹால்ல ஒரு நாள் பொலம்பினாரு. ரெண்டு நாள்ல நாற்காலி விளம்பரம் வந்துச்சு, பத்து நாள்ல நாற்காலி வந்துச்சு. ஜெபம் பண்ணினாக் கூட இவ்வளவு சுருக்கா வராது. அதனாலதான் ஆசீர்வாதம்னு பேரு வச்சாங்களோ. கேட்டதை எல்லாம் கேட்டுக்கிட்டு ஒண்ணொண்ணா அனுப்பி, நாலு பாயிண்டையும் அடைச்சு, கதவையும் பாதி அடைச்சு, கடைசியில கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிக்கு உக்கார எடம் இல்லாமப் பண்ணியாச்சு. அவரையும் பெட்ஷீட்ல சுத்தி மூலையில நிறுத்தியாச்சு. குனிஞ்சு நாற்காலி பிளக்கைப் பிடுங்கினாரு. ஒரு பாயிண்டைக் காலி பண்ணத்தான். பிடுங்கினதும் போர்வைக்குள்ள இருந்து புஸ்ஸுன்னுச்சு. நீளமா. அப்புறம் ஒரு இடைவெளி. மறுபடி புஸ்ஸு. போத்தியிருந்த தோளு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. “ஏல செல்லத்துரை”ன்னு அவரு வாய் விட்டே கூப்பிட்டுட்டாரு. கூப்பிட்ட பிறகுதான் உள்ள இருக்கிற காத்துப் பை எறங்குதுன்னு மூளை சொல்லுச்சு. முப்பத்தஞ்சு வருஷம் எலக்ட்ரிக்கல் வேலை பாத்த மூளை, ஒரு நிமிஷம் லேட்டா.

அங்கயே ஒரு அட்டைப்பெட்டி மேல உக்காந்துட்டாரு. அம்பத்தூர் நாள் ஞாபகம் வந்துச்சு. பகல் முழுக்க கம்பெனி, சாயங்காலம் டிப்ளமா கிளாஸு, அப்படி மூணு வருஷம். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு புஸ்தகம். மாசிலாமணிக்குப் புஸ்தகத்தைத் தொறந்தா கண்ணு சொக்கும். செல்லத்துரை சொல்லுவான், “நீ கண்ணை மூடிக்கோல, காதை மூடாத.” அவன் சத்தமா வாசிப்பான், இவரு படுத்துக்கிட்டே கேப்பாரு. தூங்குறாரான்னு பாக்க கமா, முற்றுப்புள்ளி எல்லாத்தையும் சேத்து வாசிப்பான். டிரான்ஸ்ஃபார்மர் என்பது கமா. அது மின்னழுத்தத்தை மாற்றும் முற்றுப்புள்ளி. பரீட்சை ஹால்ல இவரு பதிலை யோசிக்கவே இல்ல, காதுல அவன் குரல் ஓடுச்சு, அதை இவரு எழுதினாரு. பாஸ். வாசிச்சவன் ரெண்டு பேப்பர்ல ஃபெயிலாப் போயிட்டான். சிரிச்சுக்கிட்டே ஊருக்குப் போயி மோட்டார் காயில் கட்டுற கடை வச்சான். அந்தக் குரல் இப்போ எங்க இருக்கு? அவன்கிட்ட இல்ல. டாக்டர் எடுத்துப் போட்டுட்டாரு. யாரும் பதிஞ்சு வைக்கலை. அப்போ இவரு மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு, பூமியிலேயே இந்த ஒரு எடத்துல. நெனைச்சதும் அது வந்துச்சு. தெளிவா, பாடம் வாசிக்கிற அதே ராகத்துல, காதுக்குள்ள இருந்து. பெயிண்டிங் வேலை நடக்குது முற்றுப்புள்ளி. உன் நெலமைக்கு நெடி ஆகாது முற்றுப்புள்ளி. காதைப் பொத்தினாரு. உள்ள இருக்கிற குரலுக்குக் காதைப் பொத்தி என்ன ஆகப்போகுது. நியாயத்தீர்ப்பு நாள்ல ஆண்டவர் வரிசையா நிக்கவச்சுக் கேள்வி கேப்பாருன்னுதான் இவ்வளவு நாளும் நெனைச்சுக்கிட்டு இருந்தாரு. கேள்வி கேட்டா சமாளிச்சுரலாம், சூப்பர்வைசரா இருந்த ஆளு, எத்தனை ஆடிட் பாத்திருக்காரு. அவரு கேள்வியே கேக்காம இருந்தாருன்னா? மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு சும்மா கேட்டாருன்னா? இவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே போயி, சாரம் கட்டி, பட்டி பாத்து...

போன் அடிச்சுது. நாலு. ஜெபாவா, அந்த இனிப்புக் குரலா, எந்த நாலு மணின்னு தெரியலை, கண்ணாடி ஹால்ல இருக்கு, எழுத்து மசங்குது. எடுத்துட்டாரு.

“பெரியப்பா, நான் ஜெபா பேசுதேன்.”

“ம்.”

“நீங்க வச்சதும் அப்பா ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க. வாசிக்கட்டா? ‘பெயிண்ட் வேலைதானல. ரெண்டு பெயிண்டருதானே? நீ கீழ நின்னு கத்தாத, பிரஷர் ஏறும். நான் வந்து ஒரு மூலையில உக்காந்து வேலையப் பாத்துக்கிடுதேன். நெடி என்னைய ஒண்ணும் செய்யாது. மூச்சு இப்போ மூக்கு வழியாப் போகலை, எனக்கு வாசமே தெரியாது. கருவாடு கூட தெரியலை, அதுதான் வருத்தம்.’ அவ்வளவுதான் பெரியப்பா. கீழ சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு வரைஞ்சிருக்காங்க. அவங்க சொல்றாங்களேன்னு பாக்காதீங்க. உங்களுக்குச் சிரமம்னா நான் அந்த ஆஸ்பத்திரி ஹால்லயே பேரு குடுத்துருதேன்.”

காதுக்குள்ள பீப் பீப்னு இன்னொரு போன் குறுக்க வந்துச்சு. அந்த இனிப்புக் குரலாத்தான் இருக்கும், சொன்ன நேரத்துக்குச் சரியா வந்திருக்கு. ஆமான்னு ஒரு வார்த்தை. ஹால்ல இருந்து ஒரு நீல வெளிச்சம் நடைச் சுவத்துல விழுந்து, ஆடாம நின்னுச்சு. ரூமுக்குள்ள நாலு செவப்புல ஒண்ணு கொறைஞ்சு மூணு. மாசிலாமணி அந்த மூணையும் பாத்துக்கிட்டே சொன்னாரு.

“ஜெபா. வேலை ஒண்ணும் நடக்கலம்மா.”

“என்ன பெரியப்பா?”

“பெயிண்டும் இல்ல, பெயிண்டரும் இல்ல. பொய் சொன்னேன். ரூம் இருக்கு. சாமானாப் போட்டு அடைச்சு வச்சிருக்கேன், அதுக்கு நோவாம இருக்கணும்னு உன் அப்பன வரவேண்டாம்னேன்.”

பீப் நின்னுபோச்சு. அவ அழுதாளா, கையால போனைப் பொத்திக்கிட்டாளா, தெரியலை.

“அப்பாகிட்ட இதை நானே சொல்லணும். போனைக் குடும்மா.”

“ஸ்பீக்கர்லதான் பெரியப்பா இருக்கு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அப்புறம் ஒரு சத்தம் வந்துச்சு. கிறுக் கிறுக்குன்னு, கரையான் மரத்தை அரிக்கிற மாதிரி. பென்சில். எழுதுறான். ரொம்ப நேரம் எழுதுனான், இல்ல ரெண்டே வார்த்தைதான் எழுதுனான், இவருக்கு நேரம் பிடிபடலை. அந்தச் சத்தம் போனுக்குள்ள இருந்து வருதா, அடுக்கி வச்ச அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து வருதான்னு கூட ஒரு கணம் தெரியலை. என்ன எழுதினாலும் சரிதான். திட்டினாலும் சரி. இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்னாலும் சரிதான்.

பென்சில் நின்னுச்சு.

“‘தெரியும்’னு எழுதியிருக்காங்க பெரியப்பா”ன்னா ஜெபா. “அதுக்குக் கீழ, எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு கேட்டிருக்காங்க.”

மாசிலாமணி ஸ்டாப் பேரைச் சொன்னாரு. பஸ் நம்பரைச் சொன்னாரு. எறங்கினதும் வலது பக்கம் ஒரு மருந்துக் கடை இருக்கும், அங்கேயே நில்லுங்க, வெயில்ல நடக்க வேண்டாம், நான் வந்து கூட்டிட்டு வாரேன்னு சொன்னாரு. சொல்லி முடிச்சிட்டு, எழுதுற ஆளுக்கு நேரம் ஆகுமேன்னு, மறுபடியும் மொதல்ல இருந்து நிதானமாச் சொன்னாரு.